கங்கம்மா வீட்டில் என்னைச் சேர்த்த மாப்பிள்ளைக்கு

ராபர்ட்சன்பேட்டை,
கோலார் தங்க வயல்.
வியாழக்கிழமை காலை, கடை திறக்கும் முன்.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை நந்தகுமார் அவர்களுக்கு, மாமனார் ஏகநாதன் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. அவ்விடம் தாங்களும் மேகனாவும் சுகமாக இருக்கக் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். இவ்விடம் நானும் தங்கள் மாமியாரும் உடம்பளவில் சுகம். அரசாங்கப் பதிவின்படி பார்த்தால் சுகம் என்று சொல்வதற்கில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

காகிதத்தில் எழுதுவதற்குத் தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாநில அரசாங்கத்தின் தொழில்நுட்பத் தலைவராக உட்கார்ந்து, காகிதமே இல்லாத ஆபீஸ்களைக் கொண்டுவருவது தங்கள் வேலை என்பதை நான் அறிவேன். ஆனால் இப்போதெல்லாம் நான் போனில் எதைத் தட்டினாலும் அது பக்கத்து வீட்டுக் கங்கம்மாவுக்குப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. அந்தப் பயம் எப்படி வந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அன்றைக்கு வீடியோவில் தாங்கள் பார்த்தது காமிரா காட்டிய அளவுதான்.

தங்களுக்கு அந்தப் பதவி கிடைத்த செய்தி போட்டோவுடன் பேப்பரில் வந்த அன்று நான் அதை வெட்டி, லேமினேட் செய்து, நம் பாத்திரக்கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். பஜாரில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. எதிர் ஜவுளிக்கடை விநாயக் கூட எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பிறகு தாங்கள் 'ஒந்தே மனெ', அதாவது 'ஒரே வீடு' என்ற திட்டத்தை ஆரம்பித்து, அதை முதலில் செயல்படுத்தும் மாதிரி நகரமாக நம் ஊரைத் தேர்ந்தெடுத்தீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரே நம்பர், அந்த நம்பரில் தண்ணீர் லாரி முதல் ஆஸ்பத்திரி வரை எல்லாம் கிடைக்கும், எந்த ஆபீசுக்கும் நடக்க வேண்டாம் என்று சொன்னீர்கள். விநாயக் பேத்திக்கு வருமானச் சான்றிதழ் காபி ஆறுவதற்குள் வந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அடுத்த வாரமே சர்வர் படுத்துக்கொண்டது. அது படுத்தால் ஜனங்கள் பெங்களூருக்கா போவார்கள்? நேராக என் கடைக்கு வந்தார்கள். தவலை வாங்க வந்தவங்களை விட, "உங்க மாப்பிள்ளை ஆப்பு சுத்திக்கினே இருக்குது, எப்ப நிக்கும்"னு கேக்க வந்தவங்கதான் அதிகம். ஒரு அம்மா மேலே இருந்த போட்டோவைப் பார்த்தே நேராகப் பேச ஆரம்பித்துவிட்டது. அதனால் வியாபாரத்தை உத்தேசித்துத் தங்கள் போட்டோவைக் கழற்றி உள்ளே வைத்திருக்கிறேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

அதுவரைக்கும் ஊர்ப் பிரச்சினை. எங்கள் பிரச்சினை தண்ணீர் லாரியில் ஆரம்பித்தது. பேத்தமங்களா ஏரித் தண்ணி ரெண்டு வாரமா குழாயில வரல. சரி, மாப்பிள்ளை போட்ட ஆப்பு இருக்குதேன்னு லாரிக்கு பதிவு பண்ணேன். ஓடிபி அனுப்பியாச்சுன்னு காட்டுது, என் போனுக்கு ஒண்ணும் வரல. மறுபடியும் அழுத்தறேன், மறுபடியும் அனுப்பியாச்சுன்னுது. பத்து நிமிஷத்துல சுவத்துக்கு அந்தாண்ட இருந்து கங்கம்மா குரல், யாருக்கோ சொல்ற மாதிரி வானத்தைப் பாத்து, "எவனோ என் போனுக்கு நம்பர் நம்பரா அனுப்பி உயிர வாங்கறான், போலீசுக்குப் போவணும் போல"ன்னு. அப்பத்தான் என் ஓடிபி எங்க போவுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது.

கங்கம்மாவைத் தாங்கள் கல்யாணத்தில் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் அவர் வரவில்லை. எங்களுக்கு ஒட்டின வீடு. ரவிக்கை தைப்பவர். கணவர் இறந்து ரொம்ப வருஷம் ஆகிறது, ஒரே பெண் வாணியை ஓசூரில் கொடுத்திருக்கிறார். அவரும் தங்கள் மாமியார் ராஜமும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். மேகனா கல்யாணத்துக்கு முன்னால் என்னமோ வருத்தம் வந்து, அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. ராஜம் ரவிக்கை தைக்க பங்காருபேட்டைக்கு ரயிலேறிப் போக ஆரம்பித்தாள். வருத்தம் இன்னதென்று ராஜம் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பொம்பளைங்க சண்டையில நுழைஞ்சா வியாபாரம் கெட்டுப்போவும்னு எங்கப்பா நாள்லேர்ந்து எங்க வீட்டு வழக்கம்.

சேவா மையத்துக்குப் போனேன். அங்கே மரியகுழந்தை என்று ஒருத்தர் இருக்கிறார், நல்ல மனுஷன், பொறுமைசாலி. கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சார், நகரசபை புது நம்பர் போட்டப்ப உங்க தெருவுல ஒரு வீடு தள்ளிப்போச்சு. அந்தம்மாவோட பழைய நம்பரும் உங்க புது நம்பரும் ஒண்ணு. கம்ப்யூட்டரு ரெண்டையும் ஒரே வீடுன்னு சேத்துக்கிச்சு"ன்னார். சரி, அதனால இன்னான்னேன். அவர் கொஞ்சம் தயங்கி, திரையை என் பக்கம் திருப்பினார். வீட்டுக்கு மூத்த பெண் மனெ யஜமானி, அதாவது குடும்பத் தலைவி. அது கங்கம்மா. ராஜத்தை விட அவங்க ரெண்டு வயசு பெரியவங்க. வீட்டில் மூத்த ஆண், யஜமானியின் கணவர். அது நான். வெளியூரில் மணமாகிப்போன மகள், மேகனா. கடைசியில், உறவு என்று போட்டிருக்கிற இடத்தில் 'இதரெ', அதாவது 'மற்றவர்' என்று ஒரு பேர் இருந்தது. அது தங்கள் மாமியார்.

இதை நான் ராஜத்திடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து என் முகம் இருந்த இருப்பில், மறைக்கும்படியாக இல்லை. அவள் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, வடிதட்டைக் கீழே வைத்து, "நாப்பது வருஷமா சோறு வடிக்கிறவ இதரவா"ன்னு மட்டும் கேட்டா. அப்புறம் என்கூட ரெண்டு நாள் பேசல. நான் இன்னா பண்ணேன் மாப்பிள்ளை? நானா போய் அந்தம்மாவைக் கட்டிக்கினேன்?

சரி, பிரிச்சிடுங்கன்னு மரியகுழந்தைகிட்ட மறுபடியும் போனேன். பிரிக்கறதுக்கு வழி இருக்குது, ஆனா ஆள் வீட்டை விட்டு வெளியேறினா காரணம் போடணும், அதுல இருக்கறதுல ஒண்ணைத்தான் எடுக்கணும்னார். மரணம். விவாகரத்து. திருமணமாகிப் போதல். துறவறம். நான் கேட்டேன், வீட்டு நம்பர் தப்புன்னு ஒரு காரணம் இல்லியான்னு. இல்லைங்க சார், அது பெங்களூர்லதான் சேக்கணும், எழுதிப் போட்டிருக்கோம்னார். பிறகு அக்கறையாகவே ஒரு யோசனை சொன்னார். "மரணத்துக்கு சர்டிபிகேட்டு வேணும், விவாகரத்துக்கு கோர்ட்டு ஆர்டர் வேணும். துறவறத்துக்கு ஒரு பேப்பரும் வாணாம் சார். அதுதான் ஈசி." நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தேன். ராஜம் பேசாத வீட்டில் இருந்ததால் யோசனை நல்லதாகத்தான் பட்டது. சரி போடுங்கன்னேன். அவர் அழுத்தினார். கம்ப்யூட்டர் உடனே கேட்டது: மனெ யஜமானியின் ஓடிபி. சாமியாராப் போறதுக்கும் கங்கம்மாகிட்ட கேட்டாகணும்.

இதற்குள் மேகனாவுக்கு ஒருமுறை போன் செய்தேன். "அப்பா, அவரு ஆபீஸ் விஷயத்துல சொந்தக்காரங்களுக்கு ஒண்ணும் பண்ண மாட்டாரு, நீங்களே கேட்டீங்க இல்ல"ன்னா. கேட்டது உண்மை. தீபாவளிக்கு வந்தபோது தாங்கள் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் வர்ற வழியிலதான் வரணும் மாமா, நம்ம குடும்பம்னு குறுக்கு வழி கிடையாது" என்று சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு அது ரொம்பப் பெருமையாக இருந்தது. அதனால் எல்லாரும் வருகிற வழியில் புகார் கொடுத்தேன். புகார் எண் வந்தது, கங்கம்மா போனுக்கு.

இனிமேல் சொல்வதைத் தாங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். தண்ணி லாரிக்காக நான் கங்கம்மா வீட்டுக் கதவைத் தட்டப் போனேன். போகாமல் முடியாது. அந்தம்மா தையல் மிஷினை நிறுத்தாமலே, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நான்தான் யஜமானியா"ன்னார். ஆமாங்கன்னேன். "நீங்க?" கணவர்னு போட்டிருக்குதுன்னு சொல்ல வாய் வரல. "உங்க வீட்ல ஒரு ஆளுன்னு போட்டிருக்குது"ன்னேன். அந்தம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஓடிபி சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன்னால், "போன வாரந்தானே காசுக்கு ஒரு லாரி வந்துச்சு, அவ்ளோ தண்ணிய இன்னா பண்றீங்க"ன்னு கேட்டார். என் வீட்டில் என்னை இப்படி யாரும் கேட்டதில்லை. ராஜத்திடம் அன்றுதான் எனக்குக் கணக்குத் தெரியாமல் செலவு செய்கிறவன் என்று ஒரு புதுப் பேர் வந்தது, ஏனென்றால் சுவர் சின்னது, எல்லாம் கேட்கும்.

தண்ணியோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். ராஜத்துக்கு ரெண்டு கண்ணிலும் புரை. வலது கண் முற்றிவிட்டது. கோலார் டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் தள்ளிப் போடாதீங்க, கண்ணுல பிரஷர் ஏறிக்கினு இருக்குது, போனா பார்வை திரும்பி வராதுன்னு சொல்லி, பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தங்கள் திட்டத்திலேயே ஆபரேஷன் உண்டு. நான் காசு கட்டியே பண்ணிக்கலாம்னேன். ராஜம் கேக்கல. "நம்ம மாப்பிள்ளை ஊருக்கெல்லாம் போட்ட திட்டம், அதுல மாமியாருக்கே நடக்கலன்னு காசு கட்டினா அவரு பேரு இன்னா ஆவறது"ன்னா. தங்கள் பேரில் அவளுக்கு அவ்வளவு. ஆஸ்பத்திரியில் பதிவு பண்ணோம். யஜமானியின் அனுமதி வேண்டும் என்று வந்தது.

மறுபடியும் கங்கம்மா. இந்தத் தடவை மிஷினை நிறுத்தினார். "கண்ணு ஆபரேஷனா? கண்ணுல புரை விழுந்தவளா போன வாரம் என் மாடியில காயற வடாமை நின்னு எண்ணிக்கினு இருந்தா?" நான் சொன்னேன், எண்ணல, அவ பாக்கற பக்கமெல்லாம் வெள்ளையா இருக்குது, அதான் உத்துப் பாக்கறான்னு. அந்தம்மா நம்பவில்லை. "ஓடிபி குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அவ வந்து கேக்கட்டும். உங்க வீட்டு மாப்பிள்ளைய மொதல்ல பாத்தது யாருன்னு அவளையே கேளுங்க. வாணிக்குப் பாக்கலாம்னு நான்தான் பங்காருபேட்டைக்கு இவளத் துணைக்குக் கூட்டிக்கினு போனேன். காபி குடிச்சிட்டு வந்தோம். அடுத்த மாசம் பத்திரிகை அச்சடிச்சாச்சு. எனக்கு மாப்பிள்ளை போனதுல வருத்தம் இல்ல, வாணிக்கு நல்ல இடந்தான் கெடச்சுது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே"ன்னார்.

மாப்பிள்ளை, இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தங்களுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தக் காபியைத் தாங்கள்தான் கொண்டு வந்து கொடுத்தீர்களாம்.

ராஜத்திடம் வந்து சொன்னேன். தங்கள் அம்மாதான் மேகனா போட்டோவைக் கேட்டு வாங்கினதாகவும், அதைக் கங்கம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நாள் பார்த்துக்கொண்டிருந்ததில் நாளே போய்விட்டதாகவும் சொன்னாள். அப்ப போய்ச் சொல்லேன்னேன். "கண்ணு போனா போவுது, அவ வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்"ன்னா. இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவர், நடுவில் கணவனாகப் பதிவான நான். ஆஸ்பத்திரித் தேதி நெருங்கிக்கொண்டே வந்தது.

அந்த வாரம்தான் நகரமண்டபத்தில் தங்கள் வீடியோ குறைதீர் கூட்டம். பெங்களூரிலிருந்து தாங்களே நேரடியாகப் பேசப்போவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். எல்லாரும் வருகிற வழி இதுதான் என்று ராஜத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய திரை. கீழே மாவட்டக் கலெக்டரான டி.சி., அவருக்குப் பக்கத்தில் அதிகாரிகள், எல்லார் முன்னாலும் பூச்செண்டு. திரையில் தாங்கள். நல்ல கோட்டு போட்டிருந்தீர்கள். மேகனா எடுத்ததா? நிறம் பொருத்தமாக இருந்தது.

என் முறை வந்து எழுந்தேன். தாங்கள் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி, "சொல்லுங்க சார்" என்றீர்கள். அந்த 'சார்' எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தாலும், முறை முறைதான் என்று நான் ஆரம்பித்தேன். நாலு வார்த்தை சொன்னேன், மைக் செத்துப்போச்சு. தட்டிப் பாத்தேன். மரியகுழந்தை ஓடி வந்து காதுல, "சார், வீட்டு நம்பர் குடுத்துத்தான் மைக் திறக்கும், யஜமானி மட்டுந்தான் பேசலாம், நீங்க இதுல வர மாட்டீங்க"ன்னார். தாங்கள் அங்கே என் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு, "உங்க குறைய பதிவு பண்ணிக்கிட்டோம் சார், நன்றி" என்று சொன்னீர்கள். ஹால் முழுக்கக் கைதட்டினார்கள்.

ராஜத்துக்கு அது பொறுக்கல. நான் அசிங்கப்பட்டது கூட இல்ல, தாங்கள் என்னைத் தெரியாத மாதிரி பேசினதுதான். எழுந்து திரையைப் பாத்து நடக்க ஆரம்பிச்சா. ஹால்ல லைட்டு அணைச்சி வெச்சிருந்தாங்க, திரை நல்லாத் தெரியணும்னு. வெளிச்சத்தைப் பாத்து நேரா போறா, நடுவுல வரிசையா நாற்காலி இருக்கறது அவளுக்குத் தெரியல. முட்டியில இடிச்சா, தடுமாறி அடுத்ததுலயும் இடிச்சா. ஒரு ஆளோட மடியில கையை ஊனிக்கினு, இது யாருண்ணா, கொஞ்சம் வழி விடுங்கன்னு அங்க இருந்த தூணைப் பாத்துக் கேட்டா. சில பேர் சிரிச்சாங்க. நான் அந்தக் கோடியிலேர்ந்து வர்றதுக்குள்ள, மூணாவது வரிசையிலேர்ந்து கங்கம்மா எழுந்துட்டாங்க. யஜமானிங்களுக்கு முன்னாடி சீட்டு போட்டிருந்தாங்க. வந்து ராஜம் கையப் பிடிச்சாங்க. ராஜம், "யாரு?"ன்னா. "நான்தான்டி"ன்னாங்க. அவ்வளவுதான் பேச்சு.

கையைப் பிடித்தபடியே மைக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்து, மரியகுழந்தையிடம் நம்பரைச் சொல்லி மைக்கைத் திறக்க வைத்தார். பிறகு நடந்தது தாங்கள் பார்த்ததுதான். இருந்தாலும் அந்தப் பக்கம் சத்தம் எப்படி வந்ததோ, எழுதிவிடுகிறேன். "மாப்ளே, நான் கங்கம்மா பேசறேன். உங்க கம்ப்யூட்டரு பிரகாரம் உங்க மாமியாரு"ன்னாங்க. டி.சி. தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்னை யஜமானின்னு போட்டிருக்கீங்க. நல்லது. யஜமானி கேக்கறேன், பதில் சொல்லுங்க. இவள இதரன்னு போட்டிருக்கீங்களே, தூணுகிட்ட வழி கேட்டுக்கினு நிக்கறாளே, இவளுக்குக் கண்ணு போச்சின்னா அத எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

அப்போது திரையில் தாங்கள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டீர்கள். நெட்வொர்க் நின்றதா, தாங்கள் நின்றீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஊரில் ரெண்டு விதமாகவும் பேசிக்கொள்கிறார்கள். அதற்குள் கங்கம்மா தன் போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் சரியாக மாட்டி, ஆஸ்பத்திரி ஓடிபியை மைக்கிலேயே ஒவ்வொரு எண்ணாகப் படிக்க ஆரம்பித்தார். மரியகுழந்தை பாவம், "அம்மா, ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது, மைக்ல சொல்லக் கூடாது"ன்னு கையை ஆட்டிக்கினே ஓடி வந்தார். "யாருக்கு சொல்றேன், என் மாப்பிள்ளைக்குத்தானே சொல்றேன்"ன்னாங்க. தாங்கள் அசைந்து, "பதிஞ்சிடுச்சும்மா, அனுமதி ஆயிடுச்சு" என்றீர்கள். பிறகு கோட்டு போட்ட தொழில்நுட்பத் தலைவர் மாதிரி இல்லாமல், "அத்தே, முட்டியில அடி பட்டுச்சா"ன்னு கேட்டீங்க. ராஜம் திரைக்குப் பக்கத்தில் இருந்த காலண்டரைப் பார்த்து, இல்ல மாப்பிள்ளை, நீங்க சாப்பிட்டீங்களான்னா. அதற்காக நான் தங்கள் 'சாரை' மறந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரே ஆட்டோ. ஆண்டர்சன்பேட்டை திரும்பும்போது கங்கம்மா, "அந்த ரவிக்கைய எவன் தைச்சான்"ன்னாங்க. "பங்காருபேட்டையில"ன்னா ராஜம். "தெரியுது"ன்னாங்க. ராஜம் சிரிச்சா. சிரிக்க ஆரம்பிச்சி, முந்தானையால கண்ணத் தொடைச்சிக்கினா. புரை விழுந்த கண்ணுன்னு நான் நினைச்சிக்கினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை மேகனா சொல்லியிருப்பாள். தாங்கள் டெல்லியில் இருந்ததால் கட்டு அவிழ்த்த காட்சியைப் பார்க்கவில்லை. யஜமானி வந்தாகணும்னு ஆஸ்பத்திரியில சொன்னதால கங்கம்மாவும் எங்ககூட வந்திருந்தாங்க. கட்டு அவுத்ததும் ராஜம் மொதல்ல பாத்தது என்னை இல்ல. கங்கம்மாவைப் பாத்து, "இன்னாடி, தலையெல்லாம் நரைச்சிப்போச்சு உனக்கு"ன்னா. "உன்ன யாரு இத்தினி வருஷம் பாக்க வாணான்னு சொன்னது"ன்னாங்க அவங்க. அப்புறந்தான் என்னைத் திரும்பிப் பாத்து, ஷேவ் பண்ணலியான்னு கேட்டா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கண் நன்றாக இருக்கிறது. சண்டை போய்விட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அன்றிலிருந்து என் வீட்டில் எனக்கு ஒரு நிலை இல்லை. காலையில் கங்கம்மா வருகிறார், சர்க்கரை டப்பாவை எங்கே வைப்பது என்பது முதல் எனக்கு எத்தனை ஸ்பூன் என்பது வரை ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். ராத்திரி இட்லி போய்க் களி வந்துவிட்டது. நியூஸ் நேரத்தில் சீரியல். என் மாத்திரைக்குப் பதிவு செய்தால் ஓடிபி அந்தம்மாவுக்குப் போகிறது, அவர் ராஜத்தைக் கேட்கிறார், ராஜம் என்னைக் கேட்கிறாள், மூன்று பேருக்கும் என் ரத்த அழுத்தம் தெரிகிறது. எதிர்த்துப் பேசினால், "யஜமானி சொல்றாங்க இல்ல"ன்னு ராஜமே சொல்றா. அவளுக்கு இப்ப இதரங்கறது கூட கஷ்டமா இல்ல. பஜாரில் விநாயக் தினமும், "இன்னிக்கு எந்த வீட்ல சாப்பாடு ஏகநாதண்ணே"ன்னு கேட்கிறார். கேட்டுவிட்டு வணக்கமும் சொல்கிறார், அதுதான் தாங்கவில்லை.

ஆகையால் மாப்பிள்ளை, தாங்கள் குறுக்கு வழியாக எதுவும் செய்ய வேண்டாம். எல்லாருக்கும் செய்கிற வழியிலேயே, அந்தக் காரணங்களின் வரிசையில் 'வீட்டு நம்பர் தவறு' என்று ஒன்றைச் சேர்த்து, எங்கள் வீட்டைக் கங்கம்மா வீட்டிலிருந்து பிரித்து, எனக்கு என் ஓடிபியைத் திருப்பித் தரும்படி மாமனார் என்ற முறையில் இல்லாமல் ஒரு குடிமகன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். துறவறம் எனக்கு ஒத்துவராது, யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் எழுதினேன் என்பது ராஜத்துக்குத் தெரிய வேண்டாம்.

தங்களுக்கும் மேகனாவுக்கும் நீண்ட ஆயுளும், என்றும் படுக்காத சர்வரும், பதவியில் மேன்மேலும் உயர்வும் கிடைக்க எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக. குளிர் ஆரம்பித்துவிட்டது, மப்ளர் இல்லாமல் வெளியே போக வேண்டாம்.

இங்ஙனம், தங்கள் அன்பு மாமனார்,
ஏகநாதன்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்யவும். இதைத் தபாலில் போட நேரமில்லாமல் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேற்று தபாலாபீசுக்குக் கிளம்பும்போதே கங்கம்மா போனுக்குச் செய்தி வந்துவிட்டது. 'இரு வீடுகள் பிரிக்கப்பட்டன' என்று. நான் கேட்பதற்கு முன்னாலேயே தாங்களே செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அதற்குக் கீழே, 'குடும்ப விவரம்: தனி நபர்' என்று கங்கம்மாவுக்குப் போட்டிருந்தது. அதை அவங்க படிக்கல. புதுக் கண்ணால ராஜந்தான் படிச்சா. படிச்சிட்டு போனைக் கங்கம்மா கையில குடுக்காம தானே வெச்சிக்கினா. அப்புறம் என்னைப் பாத்து, நீங்கதானே மாப்பிள்ளைக்கு எழுதிப் போட்டீங்கன்னா. கடுதாசி பையில் இருக்க, எழுதிப் போடவே இல்லைன்னு சாமி படத்து மேல கை வெச்சி சொல்லியிருக்கேன். போடலங்கறது நெஜந்தானே. இன்னிக்கு விடியக்காலை ரயில்ல ரெண்டு பேரும், மறுபடியும் ஒரே வீடா சேத்து வெக்கச் சொல்லி, தங்கள் ஆபீசுக்குக் கிளம்பிட்டாங்க. பையில முறுக்கு இருக்குது. தயவுசெய்து சேர்த்துவிடுங்கள், களியே சாப்பிடுகிறேன். இன்னொன்று, வாசல்ல செக்யூரிட்டி யாருன்னு கேட்டா ரெண்டு பேருமே தொழில்நுட்பத் தலைவரோட மாமியாருன்னுதான் சொல்லுவாங்க. ரெண்டு பேரையும் உள்ளே விடச் சொல்லிடுங்க.